ஜனநாயகக் கட்சியைத் திருத்துவதா, தனிக்கட்சி காண்பதா: அமெரிக்க முற்போக்காளர்கள் முன் உள்ள கேள்வி

கேட்கப்பட்ட கேள்வி இது: அனைவருக்கும் அரசு மருத்துவக் காப்பீடு, தொழிற்சங்க உரிமை, பெரும் செல்வந்தர்கள் மீது கூடுதல் வரி, போர்ச் செலவுக் குறைப்பு ஆகியவற்றுக்காக நிற்கும் அமெரிக்க முற்போக்காளர்கள், ஜனநாயகக் கட்சிக்குள் இருந்தபடியே அதைத் திருத்த முயல வேண்டுமா, அல்லது அதைவிட்டு வெளியேறிப் புதிய கட்சி தொடங்க வேண்டுமா? என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்றைய தேர்தல் விதிகள் நீடிக்கும்வரை, பெரும்பாலான இடங்களில் அவர்கள் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் தேர்வுத் தேர்தலில், அதாவது பிரைமரியில், போட்டியிடுவதே சரி. ஆனால் அந்தக் கட்சியைத் திருத்துவது அவர்களுடைய வேலை அன்று. சொந்த உறுப்பினர்களும் சொந்தச் சந்தாவும் சொந்த முடிவெடுக்கும் உரிமையும் கொண்ட ஓர் அமைப்பைக் கட்சிக்கு வெளியே வளர்த்து, பிரைமரியை ஒரு வாசலாக மட்டும் பயன்படுத்துவதே அவர்களுடைய வேலை. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம். கடந்த நூறாண்டுகளின் வெற்றிகளும் தோல்விகளும் பெரும்பாலும் அந்த வேறுபாட்டில்தான் தீர்மானமாகியிருக்கின்றன.

இதைப் புரிந்துகொள்ள, அமெரிக்காவில் கட்சி என்பது எத்தகையது என்பதை நாம் முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் கட்சி என்றதும் உறுப்பினர் அட்டை, மாவட்டச் செயலாளர், பொதுக்குழு, விருப்ப மனு, நேர்காணல், இறுதியில் தலைமை அறிவிக்கும் வேட்பாளர் பட்டியல் ஆகியவை நினைவுக்கு வரும். சீட் கொடுப்பதும் மறுப்பதும் தலைமையின் கையில் இருக்கிறது. தலைமைக்குப் பிடிக்காதவர் சுயேச்சையாக நிற்கலாமே தவிர, கட்சிச் சின்னத்தில் நிற்க முடியாது. அமெரிக்காவில் அந்த அதிகாரம் கட்சித் தலைமையிடம் கிடையாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாநிலங்கள் ஒவ்வொன்றாகச் சட்டம் இயற்றி, கட்சி வேட்பாளரை வாக்காளர்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் முறையைக் கொண்டுவந்தன. அந்தத் தேர்தலை நடத்துவதும் எண்ணுவதும் அரசு நிர்வாகமே. வாக்காளர் பதிவுப் படிவத்தில் ஜனநாயகக் கட்சி என்ற கட்டத்தில் குறியிட்டால் அவர் அந்தக் கட்சியினர் ஆகிவிடுகிறார். சந்தா இல்லை, உறுதிமொழி இல்லை, அவரை நீக்க வழியும் இல்லை. பல மாநிலங்களில் அந்தப் பதிவுகூடத் தேவையில்லை. வேண்டிய கையெழுத்துகளைத் திரட்டி மனு கொடுத்தவர், தலைமை எவ்வளவு வெறுத்தாலும், வாக்குச்சீட்டில் இடம்பெறுவார்.

1991 முதல் நாடாளுமன்றத்தில் சுயேச்சையாகவே அமர்ந்திருக்கும் பெர்னி சாண்டர்ஸ், 2016-லும் 2020-லும் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் தேர்வில் போட்டியிட்டு, 2016-இல் இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் வென்றது இந்த ஏற்பாட்டால்தான். பிரிட்டனோடு ஒப்பிட்டால் இதன் பொருள் இன்னும் துலங்கும். அங்கே தொழிற்கட்சியின் முன்னாள் தலைவரான ஜெரமி கோர்பினையே அவருடைய கட்சி நாடாளுமன்றக் குழுவிலிருந்து விலக்கி, 2024 தேர்தலில் வேட்பாளராக நிற்கவிடாமல் தடுத்தது; அவர் தமது இஸ்லிங்டன் நார்த் தொகுதியில் சுயேச்சையாக நின்று வென்றார். அப்படி வாசலைச் சாத்தக்கூடிய கட்சி உள்ள நாட்டில் தனிக்கட்சி தொடங்குவது நியாயமான முடிவாக இருக்கலாம். வாசலைச் சாத்த முடியாத கட்சி உள்ள நாட்டில் கணக்கு வேறு.

அந்த வாசல் எவ்வளவு குறுகியது, எவ்வளவு பயனுள்ளது என்பதற்கு 2018 ஜூன் 26-ஆம் நாள் நியூயார்க்கில் நடந்ததே போதிய சான்று. குயின்ஸ், பிராங்ஸ் பகுதிகள் சேர்ந்த அந்தத் தொகுதியில் ஏறத்தாழ 7 லட்சம் மக்கள் வாழ்கிறார்கள். அதன் உறுப்பினர் ஜோ கிரௌலி, பிரதிநிதிகள் சபையில் ஜனநாயகக் கட்சியின் நான்காம் நிலைத் தலைவர். 2004-க்குப் பிறகு அவரைக் கட்சிக்குள் எதிர்த்து ஒருவரும் நின்றதில்லை. ஒரு விவாத மேடைக்கு அவர் தாம் வராமல் தமக்குப் பதில் வேறொருவரை அனுப்பினார். எதிர்த்து நின்ற அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ-கோர்ட்டெஸ் அதுவரை எந்தப் பதவியும் வகித்திராதவர். பதிவான மொத்த வாக்குகள் 30,000 அளவில்தான். 17,000-க்கும் குறைவான வாக்குகளைப் பெற்று அவர் வென்றார். ஜனநாயகக் கட்சியின் கோட்டையான அந்தத் தொகுதியில் பிரைமரியில் வென்றாலே நாடாளுமன்றத்துக்குச் சென்றது போலத்தான். இதே உழைப்பைப் புதிய கட்சியொன்றின் பெயரில் நவம்பர் தேர்தலில் செலுத்தியிருந்தால், அவர் கௌரவமான இரண்டாம் இடம் பெற்றிருந்தாலே பெரிய செய்தியாகியிருக்கும்.

இனி மூன்றாவது கட்சியின் கணக்கைப் பார்ப்போம். 1992 அதிபர் தேர்தலில் சுயேச்சையாக நின்ற தொழிலதிபர் ராஸ் பெரோ நாடெங்கும் 18.9 விழுக்காடு வாக்கு பெற்றார். ஆனால் மாநிலவாரியாகக் கிடைத்து அதிபரை உண்மையில் தீர்மானிக்கும் தேர்வாளர் வாக்குகளில் அவருக்குக் கிடைத்தது பூஜ்யம். 2000-இல் பசுமைக் கட்சியின் ரால்ஃப் நேடர் ஃப்ளோரிடாவில் 97,488 வாக்கு பெற்றார். அந்த மாநிலத்தையும் அதிபர் பதவியையும் குடியரசுக் கட்சியின் ஜார்ஜ் புஷ் 537 வாக்கு வித்தியாசத்தில் பெற்றார். நேடருக்கு வாக்களித்தவர்களில் பலர் அவர் இல்லாவிட்டால் வாக்குச்சாவடிக்கே வந்திருக்க மாட்டார்கள் என்பதும், பாம் பீச் மாவட்டத்தின் குழப்பமான வாக்குச்சீட்டு, பாதியில் நிறுத்தப்பட்ட மறு எண்ணிக்கை என ஜனநாயகக் கட்சியின் தோல்விக்கு வேறு காரணங்கள் இருந்தன என்பதும் உண்மையே. பழியை அவர் ஒருவர் தலையில் சுமத்துவது நியாயம் அன்று. ஆனால் தனிக்கட்சி வாதத்தின் அடிப்படை என்ன? நாம் வாக்கைப் பிரித்துத் தோற்கடித்தால், அடுத்த முறை பெரிய கட்சி நம்மை நோக்கி நகரும் என்பதுதான். 2000-க்குப் பிறகு நடந்தது அதற்கு நேர்மாறானது. இராக் போருக்கு ஒப்புதல் அளித்து வாக்களித்திருந்த ஜான் கெரியை 2004-இல் ஜனநாயகக் கட்சி வேட்பாளராக்கியது. நேடரின் வாக்கு 28 லட்சத்துக்கு மேலிருந்து 5 லட்சத்துக்கும் கீழே சரிந்தது. மிரட்டலுக்கு ஆளான கட்சி நகரவில்லை, மிரட்டியவர்தான் கரைந்துபோனார். பசுமைக் கட்சியின் சார்பில் இன்றுவரை ஒருவர்கூட நாடாளுமன்றத்தின் எந்த அவைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டதில்லை என்பதை, அந்தக் கட்சியின் கொள்கைகளில் பெரும்பகுதியை ஏற்பவனாகவே வருத்தத்துடன் சொல்கிறேன்.

எனக்கு மிகவும் பாடமாகப் படுவது இவற்றைவிடப் பழைய ஒரு கதை. வடக்கு டகோட்டா மாநிலத்தில் 1910-களில் கோதுமை விவசாயிகள் ஒரு பொறிக்குள் சிக்கியிருந்தார்கள். தானியத்தைத் தரம்பிரித்து விலை வைத்தது மினியாபொலிஸ் வணிகர்களின் தானியக் கிடங்குகள். ஏற்றிச் சென்றது ரயில் நிறுவனங்கள். கடன் கொடுத்தது அதே வட்டத்தைச் சேர்ந்த வங்கிகள். நல்ல கோதுமையைத் தரம் குறைந்தது என்று எழுதி வாங்கி, அதையே உயர்தர மாவாக விற்பார்கள். ஆளிவிதைச் சாகுபடியில் கடனாளியாகி எல்லாவற்றையும் இழந்த ஆர்தர் டவுன்லி என்பவர், முதலில் சோசலிஸ்ட் கட்சிக்காக ஊர் ஊராகச் சென்று ஆள் சேர்த்தார். கட்சியின் திட்டத்தை விவசாயிகள் விருப்பத்தோடு ஏற்றார்கள். கட்சியில் சேர மட்டும் தயங்கினார்கள். அதிலிருந்து அவர் பெற்ற தெளிவுதான் 1915-இல் கட்சி சாராக் கழகமாக உருவெடுத்தது.

கழகத்தின் வேலைமுறை எளியது. பிரசாரகர்கள் ஃபோர்டு கார்களில் பண்ணை பண்ணையாகச் செல்வார்கள். அந்த வட்டாரத்தில் மதிப்புள்ள விவசாயி ஒருவரை முதலில் சேர்த்து, அவரையே பக்கத்துப் பண்ணைகளுக்கு உடன் அழைத்துச் செல்வார்கள். கையில் காசில்லாத விவசாயிகளிடம், அறுவடைக்குப் பிந்தைய தேதியிட்ட காசோலையைச் சந்தாவாக வாங்கிக்கொள்வார்கள். கழகத்துக்குச் சொந்த வார ஏடு இருந்தது. இப்படி ஏறத்தாழ 40,000 உறுப்பினர்களைத் திரட்டிய பிறகே அவர்கள் தேர்தலுக்கு வந்தார்கள். அப்போதும் தனிக்கட்சி தொடங்கவில்லை. அம்மாநிலத்தில் குடியரசுக் கட்சியே ஆளும் கட்சி என்பதால், உறுப்பினர்கள் கூடிச் சொந்த வேட்பாளர்களைத் தேர்ந்தெடுத்து, அவர்களைக் குடியரசுக் கட்சியின் பிரைமரியில் நிறுத்தினார்கள். 1916-இல் லின் ஃப்ரேசியர் என்ற விவசாயி ஆளுநரானார். 1918-இல் சட்டமன்றத்தின் இரு அவைகளும் கழகத்தின் கைக்கு வந்தன. 1919-இல் மாநில அரசுக்குச் சொந்தமான வங்கி, மாநில அரசின் மாவு ஆலை, ஆலங்கட்டி மழைக் காப்பீடு என்று சட்டங்கள் வந்தன.

எதிர்ப்பு கடுமையாக இருந்தது. முதல் உலகப் போர்க்காலத்தில் கழகத்தினர் தேசத்துரோகிகள் என்று தூற்றப்பட்டார்கள். டவுன்லி சிறைக்குச் சென்றார். 1921-இல் ஃப்ரேசியர் வாக்காளர்களால் திரும்ப அழைக்கப்பட்டுப் பதவி இழந்தார். ஆனால் அதே நாளில் வங்கியையும் கழகத்தின் திட்டங்களையும் முடக்கக் கொண்டுவந்த முன்மொழிவுகளை வாக்காளர்கள் ஏற்கவில்லை. அடுத்த ஆண்டே ஃப்ரேசியரை செனட்டுக்கு அனுப்பினார்கள். அந்த வங்கி இன்றும் இயங்குகிறது. அமெரிக்காவில் குடியரசுக் கட்சிக்கு மிகவும் விசுவாசமான மாநிலங்களில் ஒன்றில், நூறாண்டுகளைக் கடந்தும் அரசு வங்கி நிற்கிறது. கழகத்தினர் குடியரசுக் கட்சியைத் திருத்தினார்களா? இல்லை, திருத்த முயலவும் இல்லை. கட்சியின் பெயரை எடுத்துக்கொண்டார்கள், வேட்பாளரைத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள், செய்ய வேண்டியதைச் சட்டமாக்கினார்கள். பின்னர், 1956-இல், அந்தக் கழகம் ஜனநாயகக் கட்சியோடு இணைந்தது.

கலிஃபோர்னியாவில் எழுத்தாளர் அப்டன் சின்க்ளேரின் அனுபவமும் இதையே காட்டுகிறது. சோசலிஸ்ட் கட்சியின் வேட்பாளராக ஆளுநர் தேர்தலில் நின்றபோது அவர் பெற்றவை சில பத்தாயிரம் வாக்குகள். 1934-இல் அதே கருத்துகளை வறுமை ஒழிப்புத் திட்டம் என்ற பெயரில் எழுதி, ஜனநாயகக் கட்சியின் பிரைமரியில் வென்று, பொதுத்தேர்தலில் 8 லட்சத்து 79 ஆயிரம் வாக்கு பெற்றார். திரைப்பட முதலாளிகளும் பத்திரிகை முதலாளிகளும் ஒன்றுதிரண்டு அவரைத் தோற்கடித்தார்கள் என்பது வேறு செய்தி.

கட்சியைத் திருத்துவோம் என்பவர்களுக்கு எதிராகச் சொல்ல வேண்டியதும் நிறைய இருக்கிறது. 2021 மார்ச்சில் நெவாடா மாநில ஜனநாயகக் கட்சியின் நிர்வாகிகள் தேர்தலில், அமெரிக்க ஜனநாயக சோசலிஸ்டுகள் அமைப்பின் ஆதரவு பெற்ற அணி எல்லாப் பொறுப்புகளையும் கைப்பற்றியது. முடிவு வெளியானதும் கட்சி அலுவலகத்தின் ஊழியர்கள் ஒட்டுமொத்தமாக விலகினார்கள். அதற்கு முன்பே கட்சிக் கணக்கிலிருந்து 4 லட்சத்து 50 ஆயிரம் டாலர் தேசிய அளவிலான செனட் தேர்தல் குழுவுக்கு மாற்றப்பட்டிருந்தது. பழைய தலைவர்கள் பிரசாரத்தை வேறொரு மாவட்டக் கிளையின் வழியே நடத்திக்கொண்டார்கள். வென்றவர்களின் கையில் எஞ்சியவை பெயர்ப்பலகையும் நாற்காலிகளும் மட்டுமே. 2023-இல் அவையும் போயின. கட்சிக் குழுக்களில் அதிகாரம் இல்லை. அது நன்கொடையாளர்களிடமும் ஆலோசகர்களிடமும் பதவியில் இருப்பவர்களிடமும் உள்ளது. அவர்கள் எழுந்து சென்றால் அதிகாரமும் கூடவே செல்கிறது. ஆகவே, குழுக்களைப் பிடிக்க ஆண்டுக்கணக்கில் கூட்டங்களில் உட்கார்ந்திருக்கும் இளைஞர்களைப் பார்க்கும்போது, அந்த நேரம் வீடு வீடாகச் சென்றிருந்தால் எவ்வளவு பயன்பட்டிருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பிரைமரியில் வென்றாலும் பாதை முடிந்துவிடுவதில்லை. 2021-இல் பஃபலோ நகர மேயர் பதவிக்கான பிரைமரியில் இந்தியா வால்டன் என்ற செவிலியர், நான்கு முறை மேயராக இருந்த பைரன் பிரவுனைத் தோற்கடித்தார். பிரவுன் நவம்பரில் வாக்குச்சீட்டில் தமது பெயர் அச்சிடப்படாமலேயே, வாக்காளர்கள் கையால் பெயர் எழுதும் முறையில் நின்று, குடியரசுக் கட்சியினரின் வாக்கையும் சேர்த்து வென்றார். கட்சி விசுவாசம் என்பது எப்போதும் ஒரு தரப்பிடம் மட்டுமே கேட்கப்படுகிறது. 2024-இல் நியூயார்க்கின் ஜமால் போமனும் மிசௌரியின் கோரி புஷ்ஷும் பிரைமரியிலேயே தோற்றார்கள். போமனுக்கு எதிராக இஸ்ரேல் ஆதரவு அமைப்பொன்றின் நிதிக்குழு மட்டும் 1 கோடி 40 லட்சம் டாலருக்கு மேல் செலவிட்டது. கிரௌலி தூங்கிக்கொண்டிருந்த 2018 மீண்டும் வராது.

உள்ளே சென்றவர்கள் எவ்வளவு சாதித்தார்கள் என்பதற்கும் நேர்மையான பதில் வேண்டும். பிரதிநிதிகள் சபையின் முற்போக்கு அணி 1991-இல் தொடங்கப்பட்டது; சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபால் அதற்குத் தலைமை வகித்த 2021-இல், அணியின் உறுப்பினர்கள் தொண்ணூறைத் தாண்டியிருந்தார்கள். குழந்தைப் பராமரிப்பு, மருத்துவம், காலநிலை ஆகியவற்றுக்கான பெரிய சமூகநலச் சட்டம் நிறைவேறாமல் உள்கட்டமைப்புச் சட்டத்துக்கு வாக்களிப்பதில்லை என்று அந்த அணி பல வாரங்கள் உறுதியாக நின்றது. நவம்பரில் பெரும்பாலோர் விட்டுக்கொடுத்தார்கள்; ஆறு ஜனநாயகக் கட்சி உறுப்பினர்கள் மட்டுமே எதிர்த்து வாக்களித்தார்கள். டிசம்பரில் ஜனநாயகக் கட்சியின் செனட்டர் ஜோ மான்சின் சமூகநலச் சட்டத்தை ஆதரிக்க மறுத்தார். அடுத்த ஆண்டு அதில் ஒரு பகுதி மட்டுமே சட்டமாயிற்று. ஆனால் இதற்கு விடை தனிக்கட்சி என்று கொள்ள இயலாது; நூறு பேர் கொண்ட செனட்டில் ஜனநாயகக் கட்சியின் பக்கம் 50 பேர் மட்டுமே இருந்த நிலையில் மான்சினின் வாக்கை எந்தப் புதிய கட்சியும் பெற்றிருக்க முடியாது. அந்த அணியிடம் இல்லாதது, தொகுதியில் மக்களை எழுப்பி உறுப்பினரை உறுதியாக நிற்கவைக்கும் வெளி அமைப்பு. டவுன்லியின் கழகத்தில் வேட்பாளரை அமைப்பு தேடிப் பிடித்தது. இன்று வேட்பாளர் தாமாக முடிவெடுத்து நின்று, பிறகு அமைப்பின் ஆதரவைக் கேட்கிறார். அப்படி வந்தவர் அமைப்புக்குக் கடன்பட்டவர் அல்லர்.

கட்சிக்கு வெளியே நின்று உள்ளே மாற்றியவர்களின் கதையில், 1964-இல் மிசிசிப்பி கறுப்பின மக்கள் செய்தது எல்லாவற்றிலும் துணிச்சலானது. அம்மாநில ஜனநாயகக் கட்சி வெள்ளையருக்கு மட்டுமே உரியதாக இருந்தது. அவர்கள் மிசிசிப்பி சுதந்திர ஜனநாயகக் கட்சி என்ற இணையான கட்சியையே கட்டி, சொந்த உறுப்பினர் பதிவு, சொந்த மாநாடு நடத்தி, அட்லாண்டிக் சிட்டியில் நடந்த தேசிய மாநாட்டுக்குச் சென்று, நாங்களே உண்மையான பிரதிநிதிகள் என்று வாதாடினார்கள். பருத்திக் காட்டில் வேலை செய்த ஃபேனி லூ ஹேமர், வாக்குரிமைப் பணிக்காகச் சிறையில் தாம் அடிக்கப்பட்டதைத் தொலைக்காட்சிக் கேமராக்களின் முன் சொன்னார். அவர் பேசிக்கொண்டிருந்தபோதே அதிபர் ஜான்சன் அவசரச் செய்தியாளர் சந்திப்பு நடத்தி ஒளிபரப்பைத் திசைதிருப்பினார். இரண்டு இடங்கள் தருகிறோம் என்ற சமரசத்தை அவர்கள் மறுத்துத் திரும்பினார்கள். ஆனால் 1968-இல் ஹேமர் பிரதிநிதியாகவே மாநாட்டில் அமர்ந்தார். அதையடுத்து கட்சி தன் விதிகளை மாற்றி எழுத, 1972 முதல் அதிபர் வேட்பாளரைப் பிரைமரிகள் தீர்மானிக்கத் தொடங்கின. அந்தத் திருத்தத்தைக் கேட்டுப் பெற்றவர்கள், மறுக்கப்பட்டால் எழுந்து செல்லத் தமக்கென ஓரிடம் வைத்திருந்தவர்கள்.

தனிக்கட்சி வெல்லவே முடியாது என்று நான் சொல்லவில்லை. மினசோட்டாவில் விவசாயி-தொழிலாளர் கட்சி 1930-களில் ஃப்ளாய்ட் ஓல்சனை ஆளுநராக்கியது. அங்கே ஜனநாயகக் கட்சி அப்போது மூன்றாம் இடத்தில் தேய்ந்துகிடந்தது. 1944-இல் இரண்டும் இணைந்ததால், மினசோட்டாவில் அந்தக் கட்சியின் பெயர் இன்றும் ஜனநாயக-விவசாயி-தொழிலாளர் கட்சி என்றே உள்ளது. வெர்மான்ட்டில், 1981-இல் சாண்டர்ஸ் 10 வாக்கு வித்தியாசத்தில் பர்லிங்டன் மேயரானதிலிருந்து வளர்ந்த முற்போக்குக் கட்சி, மாநிலச் சட்டமன்றத்தில் இன்றும் இடங்களை வைத்திருக்கிறது. கெல்லாக் ஆலை வேலைநிறுத்தத்தை வழிநடத்திய டான் ஆஸ்போர்ன், 2024-இல் நெப்ராஸ்காவில் செனட்டுக்குச் சுயேச்சையாக நின்றார். ஜனநாயகக் கட்சி வேட்பாளரையே நிறுத்தவில்லை. கமலா ஹாரிஸ் அந்த மாநிலத்தில் 39 விழுக்காடு பெற்றபோது அவர் 46 விழுக்காட்டைத் தாண்டினார். இவை மூன்றிலும் ஒரே நிலைமைதான்: பெரிய கட்சிகளில் ஒன்று அந்த இடத்தில் ஏற்கெனவே இறந்துவிட்டது, அல்லது பெயரளவில் மட்டும் இருக்கிறது. நெப்ராஸ்கா போன்ற இடங்களில் ஜனநாயகக் கட்சி என்ற பெயரே ஒரு சுமை. அத்தகைய கிராமப்புற மாநிலங்களில், பெயரைத் துறந்துவிட்டு நிற்பதே சரியான வழி என்று உறுதியாக நினைக்கிறேன்.

குடியரசுக் கட்சியே மூன்றாவது கட்சியாகத் தொடங்கி வென்றதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. 1854-இல் கான்சஸ்-நெப்ராஸ்கா சட்டம் அடிமைமுறையைப் புதிய பகுதிகளுக்குத் திறந்துவிட்டபோது, அன்றைய இரு பெரிய கட்சிகளில் ஒன்றான விக் கட்சி வடக்கு, தெற்கு என்று பிளந்து சிதறியது. அந்த வெற்றிடத்தில் குடியரசுக் கட்சி எழுந்து, ஆறே ஆண்டுகளில் லிங்கனை அதிபராக்கியது. பழைய கட்சியின் தலைவர்களும் தொண்டர்களும் பத்திரிகைகளும் கூட்டமாக வந்து சேர்ந்ததால் அது நிகழ்ந்தது. லிங்கனே விக் கட்சியிலிருந்து வந்தவர். அன்றைக்குப் பிரைமரி இல்லை. வாக்குச்சீட்டுகளைக் கட்சிகளே அச்சிட்டு விநியோகித்தன. புதிய கட்சிக்கு அரசின் அனுமதி தேவையில்லை. இன்று ஐம்பது மாநிலங்களில் ஐம்பது விதமான கையெழுத்து நிபந்தனைகள் இருக்கின்றன. அதிருப்தியாளர்கள் வெளியேறாமலேயே போராட பிரைமரி இருக்கிறது. அதற்கு வலதுசாரிகளே பெரிய உதாரணம். சீர்திருத்தக் கட்சியின் அதிபர் வேட்பாளராக 2000-இல் முயன்று சில மாதங்களில் விலகிய டொனால்ட் டிரம்ப், 2016-இல் குடியரசுக் கட்சியின் பிரைமரி வழியே வந்து அந்தக் கட்சியையே தன்வசமாக்கிக்கொண்டார்.

2025-இல் சோரான் மம்தானி நியூயார்க்கில் வென்ற விதத்தில் இந்த நூறாண்டுப் பாடங்கள் பல ஒன்றுசேர்ந்தன. ஜனநாயக சோசலிஸ்டுகள் அமைப்பில் பல ஆண்டுகள் தொண்டராக உழைத்து வளர்ந்தவர் அவர். ஜூன் பிரைமரியில் வாக்காளர்கள் வேட்பாளர்களை முதல், இரண்டாம், மூன்றாம் விருப்பம் என்று விருப்ப வரிசையில் குறித்து வாக்களித்ததால், முற்போக்கு வேட்பாளர்கள் ஒருவர் வாக்கை ஒருவர் பிரிப்பதற்குப் பதிலாக ஒருவரை ஒருவர் ஆதரிக்க முடிந்தது. சக முற்போக்கு வேட்பாளரான பிராட் லேண்டரும் மம்தானியும் தத்தம் ஆதரவாளர்களை மற்றவருக்கு இரண்டாம் இடம் தரும்படி கேட்டுக்கொண்டார்கள். தோற்ற முன்னாள் ஆளுநர் ஆண்ட்ரூ குவோமோ, பஃபலோவில் நடந்ததைப் போலவே, நவம்பரில் சுயேச்சையாக நின்றார். இம்முறை அது பலிக்கவில்லை. மம்தானி 10 லட்சத்துக்கு மேல் வாக்கு பெற்று மேயரானார். அவருடைய பெயர் வாக்குச்சீட்டில் உழைக்கும் குடும்பங்கள் கட்சி என்ற தனிக்கட்சியின் வரிசையிலும் இருந்தது.

அந்த இரட்டை வரிசைதான் நான் முக்கியமாகக் கருதும் விஷயம். ஒரே வேட்பாளரை இரண்டு கட்சிகள் நிறுத்த, இரண்டு வரிசைகளிலும் விழும் வாக்குகள் சேர்த்து எண்ணப்படும் முறை நியூயார்க்கில் உள்ளது. வாக்கைப் பிரிக்காமலேயே, நாங்கள் இத்தனை பேர் என்று சிறிய கட்சி காட்ட முடிகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இது நாடெங்கும் வழக்கத்தில் இருந்தது. விவசாயிகளின் ஆதரவு பெற்ற மக்கள் கட்சியின் எழுச்சியைக் கண்டு அஞ்சிய மாநிலச் சட்டமன்றங்கள் ஒவ்வொன்றாக அதைத் தடைசெய்தன. 1997-இல் மினசோட்டாவின் தடையை எதிர்த்துப் புதிய கட்சி என்ற அமைப்பு தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் தடை செல்லும் என்று ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. நியூயார்க்கிலும் 2020-இல் சிறிய கட்சிகள் வாக்குச்சீட்டில் தங்கள் வரிசையைத் தக்கவைக்கப் பெற வேண்டிய குறைந்தபட்ச வாக்கு வரம்பு 50,000-இலிருந்து 1 லட்சத்து 30 ஆயிரம் அல்லது 2 விழுக்காடு, இவற்றில் எது அதிகமோ அது, என்று உயர்த்தப்பட்டது. தனிக்கட்சி விரும்பும் நண்பர்கள் தங்கள் ஆற்றலை நான்காண்டுக்கு ஒருமுறை அதிபர் வேட்பாளரை நிறுத்துவதில் செலவிடாமல், இந்த விதிகளை மாற்றுவதில் செலவிட்டால், அவர்கள் வேண்டும் கட்சிக்கு உண்மையான அடித்தளம் கிடைக்கும்.

அது முடியாத வேலை அன்று என்பதற்கு மெயின் மாநிலம் இருக்கிறது. 2010-இல் அங்கே வாக்குகள் பிரிந்ததால் பால் லபேஜ் 38 விழுக்காட்டுக்கும் குறைவான வாக்கோடு ஆளுநரானார். அந்தக் கசப்பிலிருந்து எழுந்த இயக்கம், 2016-இல் பொதுவாக்கெடுப்பின் மூலம் விருப்ப வரிசை வாக்களிப்பைச் சட்டமாக்கியது. மாநில அரசமைப்பின் வாசகம் குறுக்கே நின்றதால், ஆளுநர் பொதுத்தேர்தலுக்கு அது பொருந்தாது என்று மாநில உச்ச நீதிமன்றம் கருத்துரைத்தது. சட்டமன்றம் முழுச் சட்டத்தையும் தள்ளிவைத்தது. தொண்டர்கள் மீண்டும் கையெழுத்துத் திரட்டி, 2018 ஜூனில் இரண்டாம் முறையாக மக்களிடம் சென்று அதை மீட்டார்கள். அந்த நவம்பரில் பிரதிநிதிகள் சபைத் தேர்தலில், மாநிலத்தின் இரண்டாம் தொகுதியில் குடியரசுக் கட்சியின் புரூஸ் போலிக்வின் முதல் எண்ணிக்கையில் சுமார் 2,000 வாக்கு முன்னிலை பெற்றார். இரண்டு சுயேச்சைகளுக்கு விழுந்திருந்த 23,000-க்கும் மேற்பட்ட வாக்குகள் அடுத்த விருப்பத்தின்படி பிரிக்கப்பட்டபோது, ஜனநாயகக் கட்சியின் ஜாரட் கோல்டன் சுமார் 3,500 வாக்கில் வென்றார். கோல்டன் முற்போக்காளர் அல்லர்; விதி மாறினால் முற்போக்கு தானாக வந்துவிடாது என்பதும் இதிலிருந்து தெரிகிறது. 2024-இல் கொலராடோ, ஒரிகான், நெவாடா, ஐடஹோ வாக்காளர்கள் இத்தகைய முன்மொழிவுகளை நிராகரித்தார்கள். அலாஸ்காவில் ஏற்கெனவே இருந்த முறை சில நூறு வாக்குகளில்தான் தப்பியது. வேலை கடினமாகத்தான் இருக்கும். ஆனால் மெயின் போன்ற இடத்தில் இன்று ஒருவர் தனிக்கட்சி தொடங்கப்போவதாக என்னிடம் சொன்னால், நாடாளுமன்றத் தேர்தலுக்கு நான் அவரைத் தடுக்க மாட்டேன். ஃப்ளோரிடாவிலோ மிச்சிகனிலோ சொன்னால், அடுத்த பிரைமரிக்கு மனு கொடுக்கக் கடைசி நாள் எது என்றுதான் முதலில் கேட்பேன்.